மாட்டுத் தாது உப்பை மீன் தீவனத்தில் கலந்தால் செடிக்கும் போய்ச் சேருமா?

பாலக்கோட்டுப் பக்கம் 5000 லிட்டர் தொட்டியில் 150 ஜிலேபிக் கெண்டை, அந்தத் தண்ணீரே சுற்றி வரும் 12 சதுர மீட்டர் ஜல்லிப் படுகையில் தக்காளியும் கீரையும் என்று அக்வாபோனிக்ஸ் வைத்திருக்கிறீர்கள். தினம் 300 கிராம் மிதக்கும் தீவனம் போடுகிறீர்கள், 120 லிட்டர் போர் தண்ணீர் ஊற்றி மட்டத்தைச் சரிசெய்கிறீர்கள். பிஎச் 8.2. கீரையின் கொழுந்து மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறது, தக்காளியில் அடி இலையின் ஓரம் கருகுகிறது. மாட்டுக்குப் போடும் தாது உப்புக் கலவையைக் கிலோ தீவனத்துக்கு 50 கிராம் வீதம் கலந்துவிட்டால் மீனுக்கும் செடிக்கும் ஒரே வேலையாக முடியுமா என்பது உங்கள் கேள்வி. இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. உங்கள் மீனுக்குத் தாது உப்பு குறைகிறதா என்பது ஒன்று. செடிக்கு வேண்டியதை மீன் வழியாக அனுப்ப முடியுமா என்பது மற்றொன்று. முதலாவதற்குப் பெரும்பாலும் இல்லை என்பேன். இரண்டாவதற்கு, சில சத்துகளுக்கு முடியும், உங்களுக்கு இப்போது தேவைப்படுகிற இரும்புக்கு முடியாது.

நான் மீன்வளம் படித்தவன். கொஞ்ச காலம் தீவன ஆலையில் வேலை பார்த்தேன், அப்புறம் பல வருடங்களாகக் கிருஷ்ணகிரி, ஓசூர், காவேரிப்பட்டினம் பக்கத்துத் தொட்டிகளைப் பார்த்து வருகிறேன். ஆலையை விட்டு வந்த புதிதில் நீங்கள் நினைத்ததையே நானும் நினைத்தேன். ஒரு கீரைப் பண்ணையில் கொழுந்து மஞ்சளாக இருந்தது. அன்னபேதி என்ற இரும்பு உப்பைக் கரைத்துத் தீவனத்தின் மேல் பூசிப் போடச் சொன்னேன். ஒரு மாதம் போட்டார்கள். கீரை அப்படியே மஞ்சளாக நின்றது. படுகைக்குப் போகும் குழாயைக் கழற்றினால் உள்ளே துரு நிறத்தில் ஒரு படலம். நான் கொடுத்த இரும்பில் பெரும்பங்கு அங்கேதான் இருந்தது. பண்ணைக்காரர் கோபித்துக்கொள்ளவில்லை, டீ வாங்கிக் கொடுத்தார். அது கோபத்தைவிட மோசமாக இருந்தது.

ஏன் அப்படி ஆனது என்பதில் சந்தேகம் எதுவும் இல்லை. தீவனத்தில் போகும் இரும்பில் மீன் தனக்கு வேண்டிய சிறு பங்கை எடுத்துக்கொள்ளும், மீதி எருவோடு வெளியே வரும். வந்த இரும்பு காற்றோட்டமுள்ள, பிஎச் 7க்கு மேலான தண்ணீரில் கரைந்து நிற்காது, துருவாகிப் படிந்துவிடும். வேர் படிந்ததைக் குடிக்காது. உங்கள் 8.2ல் இது இன்னும் வேகமாக நடக்கும்.

சரி, கரைந்தே நின்றாலும் போதுமா என்று ஒரு கணக்குப் போடுவோம். மாட்டுத் தாது உப்புக்கு இந்தியத் தர நிர்ணயம் உண்டு. சாப்பாட்டு உப்பு சேர்க்காத வகையில் சுண்ணாம்புச் சத்து குறைந்தது 20 சதம், மணிச்சத்து (பாஸ்பரஸ்) 12 சதம், மெக்னீசியம் 5 சதம், துத்தநாகம் 0.8 சதம், இரும்பு 0.4 சதம், தாமிரம் 0.1 சதம் இருக்க வேண்டும். கிலோவுக்கு 50 கிராம் கலந்தால் அதில் இரும்பு 200 மில்லிகிராம். தினம் 300 கிராம் தீவனத்தில் தொட்டிக்குள் போவது 60 மில்லிகிராம். லிட்டருக்கு 2 மில்லிகிராம் இரும்பு வேண்டுமென்றால் 5000 லிட்டருக்கு 10 கிராம் தேவை. ஒரு துளியும் வீணாகாமல், மீன் ஒரு துளியும் எடுக்காமல், எல்லாமே கரைந்து நின்றாலும் 160 நாளுக்கு மேல் ஆகும். இது தர்மபுரியிலிருந்து அரூர் போக ஓசூர் சுற்றுவது போல.

அதைவிட முக்கியமாக, அந்தப் பட்டியலில் சாம்பல் சத்து, அதாவது பொட்டாசியம், இல்லை என்பதைக் கவனித்தீர்களா? தக்காளி காய்க்கும்போது அள்ளிக்கொண்டு போவது சாம்பல் சத்தைத்தான். பசுந்தீவனத்திலேயே நிறையக் கிடைப்பதால் மாட்டுக் கலவையில் அதைச் சேர்ப்பதில்லை. அந்தக் கலவையில் அதிகமாக இருப்பது சுண்ணாம்பு. நம் மாவட்டத்துப் போர் தண்ணீர் ஏற்கெனவே கூலி வாங்காமல் கொண்டுவந்து கொட்டுகிற சரக்கு அது. இல்லாததைத் தராமல் இருப்பதையே கூட்டும் பொட்டலத்துக்கு நீங்கள் பணம் கொடுக்கப் போகிறீர்கள்.

மீன் பக்கம் பார்த்தால், நீங்கள் போடுவது கம்பெனி மிதக்கும் தீவனம். வைட்டமினும் தாது உப்பும் கலந்துதான் அது வரும். ஜிலேபிக்குத் தீவனத்தில் செரிக்கக்கூடிய மணிச்சத்து அரை சதம் அளவில் இருந்தால் போதும். துத்தநாகம் கிலோவுக்கு 20 முதல் 30 மில்லிகிராம், தாமிரம் 3 முதல் 5. நீங்கள் சொல்லும் 50 கிராம் கலவை துத்தநாகத்தில் மட்டும் 400 மில்லிகிராம், தாமிரத்தில் 50 மில்லிகிராம் கூடுதலாகத் தரும். மீன் உடனே செத்துவிடாது. ஆனால் எதுவும் வெளியேறாமல் ஒரே தண்ணீர் சுற்றுகிற அமைப்பில் இவை கழிவிலும் ஜல்லியிலும் சேர்ந்துகொண்டே போகும். சுண்ணாம்பு கூடினால் மீன் குடலில் துத்தநாகம் உறிஞ்சப்படுவதும் குறையும், இது அந்தக் கலவையின் உள்ளேயே இருக்கும் சண்டை. சுண்ணாம்பை மீன் தண்ணீரிலிருந்து செவுள் வழியாகவே எடுத்துக்கொள்ளும் என்பதால் உங்கள் தண்ணீரில் தீவனம் மூலம் அதைக் கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை.

கடலைப் புண்ணாக்கும் தவிடும் பிசைந்து வீட்டிலேயே தீவனம் செய்பவர்களுக்கு என் பதில் வேறு. தவிட்டிலும் புண்ணாக்கிலும் இருக்கும் மணிச்சத்தில் பெரும்பகுதி பைட்டேட் என்ற வடிவத்தில் கட்டுண்டு கிடக்கும். மீனால் அதை உடைக்க முடியாது, கூடவே துத்தநாகத்தையும் அது பிடித்து வைத்துக்கொள்ளும். அங்கே கிலோவுக்கு 10 கிராம் தாது உப்புக் கலவை நியாயமான அளவு. ரோகு, கட்லா வளர்த்தால் மோனோ கால்சியம் பாஸ்பேட்டும் கொஞ்சம் வேண்டும். கெண்டை இனங்களுக்கு அமிலம் சுரக்கும் இரைப்பை கிடையாது, ஆகையால் எலும்புத்தூளில் இருக்கும் மணிச்சத்தை அவற்றால் கரைத்தெடுக்க முடியாது. பெயரில் கெண்டை இருந்தாலும் ஜிலேபிக்கு இரைப்பை உண்டு, அது சமாளித்துக்கொள்ளும். எந்தத் தாதுவையும் தீவனத்தின் மேல் சும்மா தூவாதீர்கள், தண்ணீரில் விழுந்த நொடியே பிரிந்துபோகும். கெட்டிக் கஞ்சியில் கரைத்துப் பூசி, வெயிலில் போடாமல் நிழலில் உலர்த்திப் போடுங்கள். மீனுக்குக் கண் வெளுத்தால் துத்தநாகக் குறை என்று சிலர் சொல்வார்கள். இருக்கலாம். வலையில் அடிபட்டாலும், அம்மோனியா கூடினாலும், நோய் வந்தாலும் கண் வெளுக்கும். கண்ணை மட்டும் பார்த்து நான் முடிவு சொல்ல மாட்டேன்.

சாம்பல் சத்தைத் தீவனம் வழியாகக் கொடுக்க முடியும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பாதி உண்மை ஆகிவிடும். அது எளிதில் கரையும் உப்பு. குடல் உறிஞ்சினாலும் மிச்சத்தை மீன் செவுள், சிறுநீர் வழியாகத் தண்ணீரிலேயே விட்டுவிடும், துருவாகிப் படியாது. அதனால்தான் அக்வாபோனிக்ஸுக்கென்றே தனித் தீவனம் செய்ய நினைப்பவர்கள் அதைச் சேர்த்துப் பார்க்கிறார்கள். ஒரே மூட்டையில் எல்லாம் என்று விற்க நினைக்கும் கம்பெனிக்கு அது லாபமாக இருக்கலாம். உங்களுக்கு என்ன மிச்சம்? லிட்டருக்கு 40 மில்லிகிராம் கூட்ட 200 கிராம் சாம்பல் சத்து வேண்டும். தீவனத்தில் ஒரு சதம் கூடுதலாகச் சேர்த்தாலும் நாளைக்கு 3 கிராம்தான் போகும், இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். அதே உப்பைப் பக்கெட்டில் கரைத்துப் பத்து நாளுக்குள் ஊற்றிவிடலாம்.

இந்த வழி புதிதும் அல்ல. வர்ஜின் தீவுகள் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ரகோசி பல வருடம் ஓட்டிய ஜிலேபி அமைப்பில் சாதாரணத் தீவனம்தான் போட்டார்கள். அதில் குறைகிற சுண்ணாம்பு, சாம்பல் சத்து, இரும்பு மூன்றையும் தண்ணீரில்தான் சேர்த்தார்கள். பிஎச் இறங்க இறங்கச் சுண்ணாம்பு ஹைட்ராக்சைடும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடும் மாற்றி மாற்றி, இரும்பு மூன்று வாரத்துக்கு ஒருமுறை லிட்டருக்கு 2 மில்லிகிராம். அவர்கள் தண்ணீர் மென்மையான மழைத்தண்ணீர், பிஎச் தானாக இறங்கும், ஏற்றிப் பிடிப்பதுதான் வேலை. நமக்கு அப்படியே தலைகீழ். அந்த ஹைட்ராக்சைடுகளை வீடியோவில் பார்த்துவிட்டு இங்கே யாரும் ஊற்றிவிடாதீர்கள். 8.2 இன்னும் ஏறும். 28 டிகிரி வெப்பத்தில் பிஎச் 7 என்றால் மொத்த அம்மோனியாவில் ஒரு சதத்துக்கும் குறைவுதான் விஷ வடிவில் இருக்கும். 8.2ல் அது சுமார் 10 சதம்.

உங்கள் பிஎச் ஏன் இறங்கவே மாட்டேன் என்கிறது? தண்ணீர் அறிக்கை கையில் இல்லாமல் சொல்கிறேன், அதனால் இதை ஊகக் கணக்காக எடுத்துக்கொள்ளுங்கள். 300 கிராம் தீவனத்திலிருந்து நாளைக்கு அதிகபட்சம் 10 கிராம் அளவுக்குத் தழைச்சத்து அம்மோனியாவாக வருகிறது என்று வைப்போம். அதை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியா ஒவ்வொரு கிராமுக்கும் 7 கிராம் காரத்தன்மையை, அதாவது பிஎச்சை இறங்கவிடாமல் தாங்கும் உப்பை, தின்னும், ஆக நாளைக்கு 70 கிராம் குறைய வேண்டும். உங்கள் போர் தண்ணீரின் காரத்தன்மை லிட்டருக்கு 400 மில்லிகிராம் என்று வைத்தால், தினம் ஊற்றும் 120 லிட்டரில் 48 கிராம் திரும்ப வந்துவிடுகிறது. செடி நைட்ரேட்டை உறிஞ்சும்போது கொஞ்சம் திரும்பி வரும். பாக்டீரியா ஒரு பக்கம் இறக்க, நீங்கள் மறுபக்கம் ஏற்றிக்கொண்டிருக்கிறீர்கள். வெயிலில் ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர், உப்பு முழுவதும் தொட்டியிலேயே தங்கும்.

ஆகவே நான் முதலில் மாற்றச் சொல்வது தீவனத்தை அல்ல, ஊற்றுகிற தண்ணீரை. 100 சதுர அடித் தகரக் கூரையில் நம் மழைக்கு, 70 சதம் பிடித்தால்கூட வருடத்துக்கு 5000 லிட்டர் கிடைக்கும். 120 லிட்டருக்கு வருடம் முழுக்க அது காணாதுதான், பெரிய கூரை இருந்தால் நல்லது. பாதிப் பங்கு மழைத்தண்ணீர் ஆனாலே சில வாரங்களில் பிஎச் நகரத் தொடங்கும். ஒகேனக்கல் குழாய்த் தண்ணீரை விடலாமா என்று அடுத்து கேட்பீர்கள். அதை இந்த மாவட்டத்து ஜனங்கள் குடிக்கத்தான் கொண்டுவந்தார்கள், தொட்டிக்கு விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. எலுமிச்சைச் சாறு வேண்டாம், இரண்டு நாளில் பாக்டீரியா அதைத் தின்றுவிடும், பிஎச் பழைய இடத்துக்கே வரும். ஜல்லியையும் சோதியுங்கள். கிருஷ்ணகிரி கருங்கல் ஜல்லியால் தொந்தரவு இல்லை, ஆனால் லோடில் பிஎச்சை ஏற்றிப் பிடிக்கும் சுக்கான் (சுண்ணாம்பு) கல் கலந்து வருவதுண்டு. ஒரு கைப்பிடி எடுத்து வினிகர் ஊற்றினால் நுரைப்பது சுக்கான். பொறுக்கி எறியுங்கள்.

பிஎச் இறங்கும்வரை செடி காத்திருக்காது. கொழுந்து மஞ்சள், நரம்பு பச்சை என்பது இரும்புக் குறையின் அடையாளம். இரும்பைத் துருவாகிப் படியாமல் கரைந்தபடி பிடித்து வைக்கும் செலேட் வடிவில் தண்ணீரில் கொடுங்கள். கடையில் வெறுமனே இரும்புச் செலேட் என்று கேட்டால் இடிடிஏ வகையைக் கொடுத்துவிடுவார்கள், அது உங்கள் பிஎச்சில் உடைந்துபோகும். டிடிபிஏ வகை ஏழரை வரை தாங்கும். உங்களுக்கு வேண்டியது இடிடிஎச்ஏ வகை. ஓசூரில் ரோஜா பசுமைக்குடில்காரர்களுக்கு உரம் விற்கும் கடைகளில் விசாரியுங்கள். அதில் இரும்பு பொதுவாக 6 சதம் இருக்கும், அப்படியென்றால் உங்கள் 5000 லிட்டருக்கு 165 கிராம். மூன்றாகப் பிரித்து மூன்று நாள் விட்டு விட்டு ஊற்றுங்கள். தண்ணீர் சிவக்கும், பார்த்துப் பயப்படாதீர்கள், மீனுக்கு ஒன்றும் ஆகாது.

தக்காளியின் அடி இலை ஓரம் கருகுவது சாம்பல் சத்துக் குறையாக இருக்க வாய்ப்பு அதிகம், ஆனால் இதில் எனக்கு இரும்பு அளவுக்கு உறுதி இல்லை. போர் தண்ணீர் உப்பு கூடினாலும் ஓரம் கருகும். டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் மொத்த உப்பு, எவ்வளவு என்று நீங்கள் சொல்லவில்லை. சோடியம் பார்த்த பிறகு கொடுப்பதே நல்லது. கொடுப்பதானால் சொட்டுநீர்க்காரர்கள் 0-0-50 என்று சொல்லும் பொட்டாசியம் சல்பேட், மொத்தம் 480 கிராம், 100 கிராம் வீதம் ஒரு நாள் விட்டு ஒரு நாள். அது பிஎச்சை ஏற்றாது. 19-19-19 மட்டும் எந்தக் காரணத்துக்கும் தொட்டிப் பக்கம் வரக்கூடாது. அதில் அம்மோனியமும் யூரியாவும் உண்டு, உங்கள் பிஎச்சில் விடிவதற்குள் மீன் மிதக்கும். மயில் துத்தத்துக்கும் (காப்பர் சல்பேட்) அதே தடை. இறால் குட்டைக்கென்று விற்கும் மினரல் மூட்டைகளில் சோடியம் உப்பு கலந்திருக்கலாம், அதுவும் வேண்டாம்.

இன்னொரு விஷயம், நீங்கள் கேட்காதது. 300 கிராம் தீவனத்துக்கு 12 சதுர மீட்டர் படுகை கொஞ்சம் பேராசை. உணவு வேளாண் அமைப்பு சொல்லும் கணக்கு, சதுர மீட்டருக்குக் கீரை என்றால் நாளைக்கு 40 முதல் 50 கிராம் தீவனம், காய் என்றால் 50 முதல் 80. உங்கள் தீவனம் ஐந்தாறு சதுர மீட்டருக்குத்தான் வரும். மீன் வளர வளரத் தீவனம் கூடும், அதுவரை தக்காளியைக் குறைத்துக் கீரையை வையுங்கள்.

நம் மாவட்டத்தில் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃப்ளூரைடைப் பற்றிப் பேசாமல் தண்ணீர் பற்றிப் பேச முடியாது. மாட்டுக் கலவையில் ஃப்ளூரின் 0.07 சதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது தரம். ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத மலிவுச் சரக்கில், சுத்தம் செய்யாத பாறை பாஸ்பேட் சேர்ந்திருந்தால் அதைத் தாண்டும். ஆனால் தரமான பொட்டலத்திலிருந்து வருவது நாளைக்கு 10 மில்லிகிராம் அளவுதான். போரில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் இருந்தால் 120 லிட்டரில் தினம் 240 மில்லிகிராம் உள்ளே போகிறது, ஆவியாகாமல் சேர்கிறது. குடிநீருக்கு உச்ச வரம்பு 1.5. மீனில் ஃப்ளூரைடு முக்கியமாகச் சேர்வது முள்ளிலும் செதிலிலும், சதையில் குறைவு. அதனால் சிறு மீனை முள்ளோடு வறுத்துத் தின்பதை மட்டும் உங்கள் தண்ணீர் அறிக்கை வரும்வரை தள்ளிப் போடுங்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் தண்ணீர் கொடுத்தால் ஃப்ளூரைடு, காரத்தன்மை, கடினத்தன்மை தெரிந்துவிடும். சோடியமும் சேர்த்துக் கேளுங்கள். போர் தண்ணீர் ஒரு பாட்டில், தொட்டித் தண்ணீர் ஒரு பாட்டில் என்று இரண்டும் கொடுங்கள், வித்தியாசம்தான் பேசும்.

வாங்கிவைத்த தாது உப்பு வீட்டில் இருந்தால் மாட்டுக்கே போடுங்கள். வடிகட்டியில் சேரும் மீன் கழிவை மாமரத்துக்கு ஊற்றுங்கள், தீவனத்தில் போன மணிச்சத்தும் துத்தநாகமும் அங்கேதான் அதிகம் இருக்கிறது.

இரும்பு ஊற்றியபின் ஏற்கெனவே மஞ்சளான இலையைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், அதில் பாதி திரும்பாது. பத்து நாளில் புதிதாக வருகிற கொழுந்தைப் பாருங்கள். பச்சையாக வந்தால் சரி. அதுவும் மஞ்சளாகவே வந்தால் என் கணிப்பு தவறு, மாங்கனீசு குறையாக இருக்கலாம், வேர் அழுகலாகவும் இருக்கலாம். ஒரு செடியைப் பிடுங்கி வேரின் நிறத்தைப் பார்த்துவிட்டு, தண்ணீர் அறிக்கையோடு மறுபடி எழுதுங்கள்.